குச்சியா, அட்டையா, கட்டையா? நீளம், பரப்பளவு, கன அளவுக் கணக்குகளைக் கற்பிக்கும் முறை

அளவியல் கணக்கில் தடுமாறும் மாணவரிடம் சூத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகவே ஒப்பிப்பார். அதே மாணவர், தோட்டத்தைச் சுற்றி வேலி போடும் கணக்கில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வைத்திருப்பார். கேள்வி எதை எண்ணச் சொல்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அந்தச் சூத்திரத்தையே இன்னும் பத்து முறை எழுதவைத்தாலும் இந்தக் குறை தீராது.

எந்த அளவும் அடிப்படையில் ஓர் எண்ணிக்கைதான். ஒரு கோட்டின் மேல் 1 செ.மீ. குச்சிகள் எத்தனை அடுக்கலாம் என்பது நீளம். ஒரு தளத்தை 1 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டைகள் எத்தனை கொண்டு இடைவெளியின்றி மூடலாம் என்பது பரப்பளவு. ஒரு பெட்டியை 1 செ.மீ. கனசதுரக் கட்டைகள் எத்தனை கொண்டு நிரப்பலாம் என்பது கன அளவு. ஆகவே எந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பும் வகுப்பில் ஒரே கேள்வி எழட்டும்: குச்சியா, அட்டையா, கட்டையா? இதற்கு விடை சொல்லாமல் யாரும் எண்களைத் தொடக்கூடாது.

இதற்குத் தேவையானவை கொஞ்சம்தான். 1 செ.மீ. கட்டத்தாள், 30 செ.மீ. அளவுகோல், நீளாத நூல், கத்தரிக்கோல், நான்கைந்து வெற்று அட்டைப் பெட்டிகள், கொஞ்சம் மணல், ஒரே அளவுள்ள கனசதுரக் கட்டைகள் குழுவுக்கு 24. கட்டைகள் 2 செ.மீ. பக்கமுள்ளவையாக இருந்தாலும் பரவாயில்லை. அப்போது ஒரு கட்டையின் பக்கத்தையே ஓர் அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுகோலிலேயே தொடங்கும் பிழை

ஒரு பென்சிலை அளவுகோலில் 2-க்கும் 7-க்கும் இடையே வைத்து நீளம் கேளுங்கள். 7 என்பவர் முனையிலுள்ள எண்ணை வாசிக்கிறார். 6 என்பவர் 2, 3, 4, 5, 6, 7 என்று கோடுகளை எண்ணுகிறார். 5 என்பவரே இடைவெளிகளை எண்ணுகிறார். முதல் இரண்டு சென்டிமீட்டர் இல்லாத 'உடைந்த அளவுகோல்' ஒன்றை அட்டையில் வெட்டிக் கொடுத்து, பத்துப் பொருள்களை அளக்கச் சொன்னால் இந்தக் குழப்பம் தீரும்.

இதைச் சிறு வகுப்புப் பாடம் என்று தாண்டிப் போகாதீர்கள். இதே குழப்பம் பின்னால் வேறு உருவத்தில் வரும். 60 மீ. நேர்க்கோட்டில் 5 மீ.க்கு ஒரு கம்பம் நட்டால், இரு முனைகளையும் சேர்த்து 13 கம்பங்கள். 60 மீ. சுற்றளவுள்ள மூடிய வேலிக்கு 12 போதும். எதை எண்ணுகிறோம் என்று கேட்டுப் பழகியவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல என்பது உடனே தெரியும்.

சுற்றளவும் பரப்பளவும்

பிழைகள் அதிகம் விளையும் இடம் இதுதான். இங்கே நேரத்தைத் தாராளமாகச் செலவிடுங்கள். 24 செ.மீ. நூலை முடிச்சிட்டு வளையமாக்கி, கட்டத்தாளில் விதவிதமான செவ்வகங்கள் அமைக்கச் சொல்லுங்கள். முடிச்சுக்காக நூலைச் சற்றுக் கூடுதலாக வெட்ட வேண்டும். இல்லையென்றால் 23 செ.மீ.தான் மிஞ்சும், கட்டங்கள் பொருந்தாது. 1×11 செவ்வகத்தில் 11 கட்டங்கள், 2×10-இல் 20, 3×9-இல் 27, 4×8-இல் 32, 5×7-இல் 35, 6×6-இல் 36. நூல் மாறவே இல்லை, உள்ளே அடங்கும் அட்டைகள் மட்டும் மாறுகின்றன. அடுத்து எதிர்த்திசையில் போங்கள். 36 சதுர அட்டைகளைக் கொடுத்து செவ்வகங்கள் அடுக்கச் சொன்னால், 6×6-க்குச் சுற்றளவு 24 செ.மீ., 1×36-க்கு 74 செ.மீ. வரும்.

இதற்குப் பிறகு இன்னொரு பயிற்சி. 10×8 செ.மீ. செவ்வகத்தின் ஒரு மூலையில் 4×3 அளவுக்கு வெட்டி எடுங்கள். பரப்பளவு 80-இலிருந்து 68 ஆகக் குறையும். சுற்றளவு என்ன ஆகும்? வகுப்பில் பாதிப்பேர் குறையும் என்பார்கள். நூலை வைத்து அளந்தால் அதே 36 செ.மீ. வெட்டியதில் போன இரண்டு விளிம்புகளுக்குச் சமமாக இரண்டு புது விளிம்புகள் உள்ளே வந்துவிட்டன. இப்போது அதே 4×3 துண்டை மூலையில் எடுக்காமல், 10 செ.மீ. பக்கத்தின் நடுவில் 3 செ.மீ. ஆழத்துக்கு வெட்டச் சொல்லுங்கள். பரப்பளவு மறுபடியும் 68-தான். சுற்றளவோ 42 ஆகக் கூடுகிறது. 'பரப்பு குறைந்தால் சுற்றளவும் குறையும்' என்ற நம்பிக்கையை விளக்கிப் பேசி அகற்ற முடியாது. மாணவரின் கையாலேயே வெட்டி, அவரே அளந்து பார்க்க வேண்டும்.

எது உயரம்?

நான்கு அட்டைப் பட்டைகளை (8, 5, 8, 5 செ.மீ.) மூலைகளில் தளர்வாகக் கோத்து ஒரு சட்டம் செய்யுங்கள். நேராக நின்றால் செவ்வகம், பரப்பளவு 40 சதுர செ.மீ. மெல்லச் சாய்த்துக்கொண்டே போனால் பக்கங்களின் நீளம் மாறாமலே உள்ளிடம் சுருங்கி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போகும். இணைகரத்துக்கு 8×5 என்று பெருக்குவது ஏன் தவறு என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. செங்குத்து உயரம் 4 செ.மீ. ஆகும்போது பரப்பளவு 32. அந்த நிலையைக் கட்டத்தாளில் வரைந்து, ஓரத்தில் உள்ள 3, 4, 5 செங்கோண முக்கோணத்தை வெட்டி மறுபக்கம் ஒட்டினால் 8×4 செவ்வகம் கிடைக்கும்.

முக்கோணத்துக்கு ஒரே அளவில் இரண்டு வெட்டி இணைகரமாகச் சேர்த்தால், 'பாதி' எங்கிருந்து வருகிறது என்பது புலப்படும். சரிவகத்துக்கும் இதே வழிதான். விரிகோண முக்கோணத்தில் மட்டும் கவனம் வேண்டும். உயரம் உருவத்துக்கு வெளியே விழுவதால் மாணவர்கள் சாய்ந்த பக்கத்தையே உயரமாக எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் அடிப்பக்கமாக வைத்து மூன்று முறை கணக்கிடச் சொல்லுங்கள். மூன்று விடைகளும் ஏறக்குறைய ஒன்றாக வராவிட்டால், ஏதோ ஓர் உயரம் செங்குத்தாக இல்லை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வட்டத்தை 16 சமத் துண்டுகளாக வெட்டி, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடுக்கினால் ஏறத்தாழ ஓர் இணைகரம் உருவாகும். அதன் நீளம் சுற்றளவில் பாதி, உயரம் ஆரம். வட்டத்தின் பரப்பளவு அதிலிருந்து தானாக வந்துவிடும். இங்கே வழக்கமாக நேரும் தவறுகள் இரண்டு: விட்டத்தை ஆரமாக எடுத்துக்கொள்வது, அரைவட்டத்தின் சுற்றளவில் விட்டத்தைச் சேர்க்க மறப்பது. ஆரம் 7 செ.மீ. என்றால் வளைவு 22, அதோடு விட்டம் 14; மொத்தம் 36 செ.மீ. விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டு ஒரு முழுச் சுற்று வரச் சொன்னால் விட்டம் விடுபடாது.

அலகு மாற்றம்

1 மீட்டரில் 100 செ.மீ. இருப்பதால் 1 சதுர மீட்டரில் 100 சதுர செ.மீ. என்று எழுதும் மாணவர் உங்கள் வகுப்பில் நிச்சயம் இருப்பார். தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு மீட்டர் சதுரம் வரைந்து, ஓர் ஓரத்தில் 100 அட்டைகள் நிற்கும், அப்படி 100 வரிசைகள் வேண்டும் என்று காட்டுங்கள். விடை 10,000. கன மீட்டருக்கு 10 லட்சம் கட்டைகள்.

கன அளவுக்கு மாணவர் மனத்தில் நிற்க வேண்டிய உருவம், பக்கம் 10 செ.மீ. உள்ள கனசதுரம். அதில் 1,000 கன செ.மீ., அதாவது சரியாக 1 லிட்டர். நீளம் 1.5 மீ., அகலம் 80 செ.மீ., உயரம் 60 செ.மீ. உள்ள தொட்டியில் எத்தனை லிட்டர் கொள்ளும்? அலகைப் பார்க்காமல் பெருக்குபவருக்கு 7,200 வரும். 10 செ.மீ. கட்டைகளாக நினைப்பவர் 15×8×6 என்று அடுக்கி 720 லிட்டர் என்பார். எல்லா அளவுகளையும் ஒரே அலகுக்கு மாற்றிய பிறகுதான் பெருக்கல். இந்த விதியில் சலுகையே வேண்டாம்.

கட்டைகளை அடுக்குதல்

24 கட்டைகளை 4×3×2 ஆக அடுக்கிக் காட்டி, எத்தனை என்று கேளுங்கள். 26 என்பவர் கண்ணுக்குத் தெரியும் மேல், முன், பக்க முகங்களிலுள்ள சதுரங்களை எண்ணியிருக்கிறார் (12 + 8 + 6). 52 என்பவர் ஆறு முகங்களையும் எண்ணியிருக்கிறார். அது மொத்தப் புறப்பரப்பு, தேவையோ கன அளவு. விடையைத் தவறு என்று அடிப்பதற்கு முன், அவர் எண்ணியது அட்டையை என்று சொல்லிக் காட்டுங்கள். பிறகு கீழடுக்கில் 12, அப்படி 2 அடுக்குகள் என்று அடுக்கு அடுக்காக எண்ணப் பழக்குங்கள்.

அடுக்கு என்ற எண்ணம் பதிந்துவிட்டால் கனச்செவ்வகம், முப்பட்டகம், உருளை மூன்றுக்கும் ஒரே விதி போதும்: அடிப்பரப்பு பெருக்கல் உயரம். கூம்புக்கு மட்டும், அதே அடிப்பரப்பும் அதே உயரமும் உள்ள உருளைக்குள் மணலைக் கொட்டிப் பார்க்க வேண்டும். மூன்று கூம்பு மணலில் உருளை நிரம்பும். காகிதத்தில் கூம்பு செய்பவர்கள் கவனிக்க: சமமாக இருக்க வேண்டியது செங்குத்து உயரம், சாயுயரம் அல்ல. சாயுயரத்தை உருளையின் உயரத்துக்குச் சமமாக வெட்டினால் மூன்று கூம்பு போட்டும் உருளை நிரம்பாது, மாணவர்கள் விதியையே சந்தேகிப்பார்கள். ஆரம் 6, உயரம் 8 என்றால் சாயுயரம் 10. கன அளவுக்கு 8, வளைபரப்புக்கு 10.

ஏ4 தாள் இரண்டை எடுத்து, ஒன்றை நீளவாட்டிலும் மற்றதை அகலவாட்டிலும் உருளையாகச் சுருட்டுங்கள். இரண்டுக்கும் வளைபரப்பு ஒன்றே. ஆனால் குட்டையும் அகலமுமான உருளையில் சுமார் 1,474 கன செ.மீ., நெட்டையானதில் சுமார் 1,042 கன செ.மீ. கொள்ளும். முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு மணலால் நிரப்புங்கள். சுற்றளவு, பரப்பளவு பாடத்தில் நூல் செய்த வேலையை இங்கே தாள் செய்கிறது.

எழுத்துக் கணக்குகள்

படம் வரையாமல் தீர்க்க விடாதீர்கள். படத்தில் எல்லா அளவுகளையும் அலகோடு குறித்து, கேட்டது எது என்று வட்டமிட்டு, தோராய விடை ஒன்றை எழுதிய பிறகே கணக்கு. 20×15 மீ. தோட்டத்தைச் சுற்றி வெளியே 2 மீ. அகலப் பாதை, பாதையின் பரப்பளவு என்ன? படம் வரையாதவர் 22×17 என்று எடுத்து 374 − 300 = 74 என்பார். வரைந்தவர் பாதை இருபுறமும் இருப்பதைக் காண்பார்: 24×19 = 456, அதிலிருந்து 300 போக 156 சதுர மீ.

வகுத்தால் போதும் என்று தோன்றும் கணக்குகளையும் இடையிடையே கொடுங்கள். 10×6×5 செ.மீ. பெட்டியில் 2 செ.மீ. கனசதுரங்கள் எத்தனை வைக்கலாம்? 300-ஐ 8-ஆல் வகுத்தால் 37.5. உண்மையில் 5 செ.மீ. உயரத்தில் இரண்டு அடுக்குதான் நிற்கும். 5×3×2 = 30.

பாடநூலில் ஓர் அத்தியாயம் முழுக்கப் பரப்பளவாகவே இருந்தால் மாணவர் யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. எல்லாவற்றையும் பெருக்கினால் விடை வந்துவிடும். அதனால் வாரத்துக்கு ஒரு முறையாவது 12 கேள்விகளைக் கலந்து கொடுத்து, எதையும் கணக்கிடாமல் குச்சி, அட்டை, கட்டை என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். பிறகு 30×20×10 செ.மீ. பெட்டி ஒன்றை நடுவில் வையுங்கள். நீளவாட்டில் ஒரு சுற்றும் குறுக்குவாட்டில் ஒரு சுற்றுமாகக் கட்ட எவ்வளவு நாடா வேண்டும்? 80 + 60 = 140 செ.மீ., முடிச்சு தனி. முழுவதும் ஒட்ட எவ்வளவு காகிதம்? 2,200 சதுர செ.மீ.; மூடியில்லாத பெட்டி என்றால் 1,600. உள்ளே எவ்வளவு மணல்? 6,000 கன செ.மீ., அதாவது 6 லிட்டர். விடையில் அலகு எழுதாதவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு நகராமல், அந்த எண்ணைச் சுட்டி, 'இது எதன் எண்ணிக்கை?' என்று கேளுங்கள்.