சின்னப் புத்தகக்கடையில் அரசியல் நூல் அறிமுகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் தமிழ் நூல் வெளியீடு என்றால் நிகழ்ச்சி நிரல் எல்லோருக்கும் மனப்பாடம். மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், முதற்பிரதி வழங்கல், ஆய்வுரை, ஏற்புரை, நன்றியுரை. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க மண்டபத்தில் இந்த ஒழுங்குக்கு ஓர் அழகும் தேவையும் இருக்கிறது. எழுதியவருக்கு ஊர் கூடிச் செய்யும் மரியாதை அது. முதற்பிரதி வாங்குகிறவர் கொடுக்கும் கடிதவுறை அச்சகக் கடனுக்கும் உதவும். முப்பது கதிரை கொள்ளும் ஒரு கடையில், புதிதாக வந்த அரசியல் நூலொன்றைப் பற்றிப் பேசலாம் வாருங்கள் என்று அழைத்துவிட்டு அதே நிரலை அப்படியே இறக்கும்போதுதான் கூட்டம் கெட்டுப்போகிறது. அங்கே வந்து அமர்கிற வாசகருக்கு, நூல் என்ன சொல்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், காசு கொடுத்து வாங்கத் தகுமா என்று தெரிய வேண்டும். அவருக்காகவே கூட்டம். பின்வரும் தவறுகள் எல்லாம் அவரை மறப்பதால் வருபவை.

நூலை வாசிக்காதவரைப் பேச அழைப்பதுதான் இவற்றுள் ஆகப் பெரியது. "முழுதாக வாசிக்க நேரம் கிடைக்கவில்லை, இருந்தாலும்..." என்று ஒருவர் தொடங்கினால், அடுத்த இருபது நிமிடமும் நூலாசிரியரோடு அவருக்கிருந்த பழக்கமும் அவருடைய சொந்த அரசியல் கருத்தும்தான் வரும். பதவிக்காகவும் பெயருக்காகவும் ஆளைப் பிடிப்பதால் இது நடக்கிறது. ஒரு மாதம் முன்பே நூலைக் கையில் கொடுங்கள். நூல் அச்சகத்திலிருந்து வரத் தாமதமானால் கணினிப் பிரதியையாவது அனுப்புங்கள். "நீங்கள் உடன்படுகிற ஒரு பக்கம், உடன்படாத ஒரு பக்கம், இரண்டையும் எங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வாசித்தவர் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்வார். மற்றவர் தாமாகவே விலகிக்கொள்வார். அதில் யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

எத்தனை பேர் பேசலாம்? இரண்டு பேர் போதும், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஆனால் அந்த இருவரும் ஒரே குரலில் பேசுகிறவர்களாக இருந்தால் ஒருவரே போதுமானவர். 13ஆவது திருத்தம் பற்றிய நூலை எடுத்துக்கொள்ளுங்கள். மாகாண சபைகளை உருவாக்க 1987இல் வந்த அந்த அரசியலமைப்புத் திருத்தத்தைப் பற்றிச் சட்டம் படித்தவர் நிறையச் சொல்வார். வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அந்த ஐந்து வருடமும் ஒரு மாகாண அமைச்சு அலுவலகத்தில் கோப்புப் பார்த்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். ஆளுநரிடம் எந்தக் கோப்பு நின்றது, நிதி எங்கே முடங்கியது என்று அவர் சொல்வது நூலில்கூட இருக்காது. போர்க்கால நூல் என்றால், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பமொன்றிலிருந்து வரும் வாசகரின் கேள்வியைத் தவிர்த்துக்கொண்டு அதைப் பேசி முடிக்க முடியாது. கொழும்பு இதற்கு வாய்த்த ஊர். யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் மலையகத்தவரும் முஸ்லிம்களும் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் ஒரே காலி வீதி பஸ்ஸில் போகிறார்கள். அப்படிப்பட்ட நகரத்தில் நாமும் நாமும் தலையாட்டிக்கொள்ளும் கூட்டம் வைப்பது பெரிய இழப்பு.

ஞாபகத்திலிருந்து வரலாறு சொல்வது அடுத்த தவறு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கூட்டங்களில் மூளும் சண்டைகளில் பல, கருத்தால் வருவன அல்ல. ஆண்டும் சட்டமும் குழம்புவதால் வருவன. மலையகத் தமிழரின் குடியுரிமைப் பறிப்பு நல்ல உதாரணம். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அதை ஆதரித்தார் என்று ஒருவர் எழுந்து சொல்வார். இல்லை, எதிர்த்தார் என்று இன்னொருவர் கத்துவார். இருவரும் வெவ்வேறு சட்டமூலங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டமூலத்தை அவர் எதிர்த்து வாக்களித்தார். பிறகு அரசாங்கத்தில் சேர்ந்து அமைச்சரானார். அதன் பின் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டமூலத்தை ஆதரித்தார். இதனால் தமிழ்க் காங்கிரஸில் விழுந்த பிளவிலிருந்துதான் 1949 டிசெம்பரில் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி பிறந்தது. வாக்குரிமை போனதோ 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டத்தால். ஆக மூன்று சட்டங்கள். "எந்தச் சட்டத்தைச் சொல்கிறீர்கள், ஐயா?" என்று நெறியாளர் மரியாதையாகக் கேட்டாலே பாதிக் கூச்சல் அடங்கிவிடும். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் இப்படித்தான்: நாடற்றுப்போன மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாகவும், எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்ப்பதாகவும் எழுதப்பட்டது. அந்த எஞ்சியவர்களை மறந்துவிட்டுத்தான் பலர் கணக்குச் சொல்கிறார்கள்.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. நூலுக்குத் தேவையான பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளையும் நிகழ்வுகளையும் ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு கதிரையிலும் வையுங்கள். 1983 யூலை இன வன்முறையை நேரில் கண்டவர்களோடு அதற்குப் பல வருடம் பின்பு பிறந்த பிள்ளைகளும் வருகிறார்கள். தெரியாது என்று எழுந்து கேட்க அவர்களுக்குக் கூச்சம். தாள் கையில் இருந்தால் பேச்சைப் பின்தொடரலாம்.

கேள்வி நேரத்தைக் கடைசியில் மிஞ்சும் ஐந்து நிமிடமாக ஆக்கிவிடாதீர்கள். நாலு மணிக்குத் தொடங்கினால் நாலு நாற்பதுக்குள் பேச்சுகள் முடிய வேண்டும். அதன்பின் ஒரு மணி நேரம் வாசகருடையது. ஒலிவாங்கியைக் கூட்டத்துக்குள் கொடுத்தனுப்பினால் முதலில் பற்றிக்கொள்கிறவர் பத்து நிமிடம் உரையாற்றிவிட்டு, கேள்வி கேட்காமலே அமர்வார். ஒலிவாங்கி நெறியாளர் கையிலேயே இருக்கட்டும். சிறு தாளில் கேள்வியை எழுதித் தரச் சொல்லுங்கள்; அப்படிச் செய்தால் பின்வரிசையில் இருக்கும் பெண்களிடமிருந்தும் மாணவர்களிடமிருந்தும் கேள்வி வரும், அவைதான் பெரும்பாலும் நூலை நேரே தொடும் கேள்விகள். சிங்களப் பேச்சாளரை அழைத்திருந்தால், சபையில் யாராவது மொழிபெயர்ப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள். வசனத்துக்கு வசனம் சொல்லும்போது நேரம் இரட்டிப்பாகும். அவருக்கு ஏழு எட்டு நிமிடம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பவரும் நூலை வாசித்திருக்கட்டும்.

சபையைக் கேட்காமல் நேரலை போடுவதும் தவறு. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. தமிழில் கவிதை எழுதிய ஓர் இளைஞர் 2020 மே மாதம் அச்சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசெம்பரில்தான் பிணை கிடைத்தது, 2023 டிசெம்பரில்தான் விடுதலை. அப்படியொரு நாட்டில் கேள்வி கேட்கும் மனிதரின் முகம் அவர் அறியாமல் இணையத்துக்குப் போகக் கூடாது. பேச்சாளரை மட்டும் பதிவு செய்யுங்கள். கேள்வி நேரம் தொடங்கும்போது கமெராவை அணைத்துவிட்டு, அணைத்ததைச் சபைக்குச் சொல்லுங்கள்.

நாள் குறிக்கும்போது நோன்பு மாதத்தில் மாலை நேரத்தைத் தவிருங்கள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் வர வேண்டுமென்றால் ஞாயிறு காலை பூசை நேரமும் வேண்டாம்.

விலையைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதும் பிழைதான். சென்னையில் 400 இந்திய ரூபாய் என்று விலை அச்சிட்ட நூல், நாணய மாற்றில் மட்டுமே இங்கே ஏறக்குறைய 1,400 ரூபாய். கப்பல் கூலியும் கடைக் கழிவும் அதற்கு மேல். மாதச் சம்பளக்காரர் யோசித்துத்தான் வாங்குவார். விலையை அழைப்பிதழிலேயே போடுங்கள். வாங்க முடியாதவர் இருந்து வாசிக்க இரண்டு பிரதிகளைக் கடையில் கயிறு கட்டாமல் வையுங்கள். நூலில் மேற்கோள் காட்டப்பட்ட பழைய வெளியீடுகள் கடையில் கிடைக்காவிட்டால், 2005இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் இலவசமாகச் சேர்த்துவரும் நூலகம் தளத்தில் தேடி, அகப்பட்டவற்றின் இணைப்புகளை அந்த ஆண்டுத் தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டுவிடலாம்.