புதிதாக வரும் நர்சம்மாவுக்குக் கருத்தடை ஆலோசனை பழக்குவது எப்படி

காரைக்குடி, கல்லல், புதுவயல் பக்கம் துணை சுகாதார நிலையத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தால், கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி போடும் கைப்பழக்கத்தை விட அவருக்கு முதலில் பேச்சைப் பழக்குங்கள். முகப்பில் ஆச்சி உட்கார்ந்திருக்க, மருமகளிடம் கருத்தடை பற்றிக் கேட்டால் "ஒண்ணும் வேணாம்மா" என்றுதான் பதில் வரும். குழந்தையின் தடுப்பூசி அட்டையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்த் தனியாகப் பேசட்டும்.

அடுத்த பிள்ளை எப்போது வேண்டும், கணவர் ஊரில் இருக்கிறாரா, சிங்கப்பூரில் இருந்து லீவில் வருகிறவரா, இதையெல்லாம் கேட்ட பிறகுதான் முறைகளைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் நடித்துப் பார்க்கும் பயிற்சி. ஒருவர் தாயாக உட்காரட்டும், புதியவர் அவருக்கு விளக்கட்டும். சாயா என்ற கருத்தடை மாத்திரையை ஞாயிறு தொடங்கினால் முதல் 3 மாதம் ஞாயிறு, புதன் இரண்டு நாளும், அதன்பின் ஞாயிறு மட்டும். சொல்லிவிட்டு எழுந்துவிடாமல், அவரையே திருப்பிச் சொல்ல வைத்து, வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தரா என்ற கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒருமுறை, அதில் மாதவிலக்கு தாறுமாறாகலாம், நின்றும் போகலாம். இதை ஊசிக்கு முன்பே சொல்லாவிட்டால் பயந்துபோய் அடுத்த ஊசிக்கு வரவே மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆண்களிடமும் பேசப் பழக்குங்கள். வாசெக்டமி (ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சை) செய்தாலும் 3 மாதம் ஆணுறை வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை.

வேண்டாம் என்று சொல்பவரிடம், கணக்குக் காட்டுவதற்காக யாரும் வற்புறுத்தக் கூடாது.