கூரை மரச்சட்டம்: முதலில் அகலத்தை அளந்து பாருங்கள்

பினாங்கில் பழைய வீட்டுக் கூரையை மாற்றுகிறீர்களா, பின்கட்டை நீட்டுகிறீர்களா? எந்த மரம் என்று கேட்கும் முன், சுவருக்குச் சுவர் எத்தனை மீட்டர் என்று அளந்து பாருங்கள்.

3.5 மீட்டர் வரை இருபக்கமும் சாயும் கைமரங்களே பொதுவாகப் போதும். அதற்கு மேல் 5 மீட்டர் வரை, எதிரெதிர்க் கைமரங்களை இணைக்கும் குறுக்குக் கட்டை கட்டாயம். காசு மிச்சம் என்று யாராவது அதை விட்டுவிடச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கைமரத்தின் கால் விலகி, சுவரையே வெளியே தள்ளும். கட்டை எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவு பிடிப்பு.

5 முதல் 8 மீட்டருக்கு நடுவில் ஒரு கம்பம் கொண்ட கிங் போஸ்ட் டிரஸ் (முக்கோண மரச்சட்டம்), 12 மீட்டர் வரை இரண்டு கம்பங்கள் கொண்ட குயின் போஸ்ட். அதற்கு மேல் பொறியாளர் வரைபடம் இல்லாமல் தொடாதீர்கள்.

அப்புறம் எடை. ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோவைத் தாண்டும். மெட்டல் டெக் எனும் தகரத் தகடு 5 கிலோ அளவுதான். தகரக் கூரைக்குப் போட்ட சட்டத்தில் ஓடுகளை ஏற்றக்கூடாது.

கடைசியாக மரம். செங்கால் (chengal) மரத்தின் விலை கட்டுப்படியாகாவிட்டால் கெம்பாஸ் (kempas) மரம் நல்லதுதான், ஆனால் கரையான் மருந்து ஏற்றியதாக வாங்குங்கள். அறுத்த முனைகளிலும் மருந்து பூசச் சொல்லுங்கள்.