தாமஸ் டெஸ்ட்: முதுகுக்கு அடியில் கையை விட்டீர்களா?

‘இடுப்பு வலி’ என்று வருகிறவர் பெரும்பாலும் கை வைத்துக் காட்டுவது கீழ்முதுகை. இடுப்பு மூட்டிலேயே கோளாறு உள்ளவர் ‘கவட்டியில பிடிக்குது’ என்பார். சிலர் முழங்காலைக் காட்டுவார்கள். இரண்டு மூட்டுக்கும் கிளை விடும் நரம்புகள் ஒன்றுதான். அதனால் ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘சப்பணம் போட முடியுதா?’ என்றும் கேட்டுவிடுங்கள். நடக்கவிட்டுப் பார்ப்பது, கால் நீளம் அளப்பதெல்லாம் வகுப்பிலேயே வந்திருக்கும். இங்கே, இடுப்பு மூட்டு மடங்கி இறுகியிருக்கிறதா என்று பார்க்கும் தாமஸ் டெஸ்ட் மட்டும்.

முதலில் எச்சரிக்கை. விழுந்த முதியவரின் கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் எந்த டெஸ்டும் வேண்டாம், நேரே எக்ஸ்ரே. மூட்டு மாற்று அறுவை செய்தவர்களின் காலையும் மடக்கி இழுக்காதீர்கள்.

லிவர்பூலில் வைத்தியம் பார்த்த ஹ்யூ ஓவன் தாமஸ் 1870களில் விவரித்த முறை இது. காசநோயால் மடங்கி இறுகிய இடுப்பு மூட்டுகள் அவரிடம் நிறைய வந்தன. மூட்டு மடங்கி இறுகியவர் மல்லாந்து படுத்தால் தொடை தூக்கி நிற்க வேண்டும் அல்லவா? பல நேரம் நிற்காது. முதுகு வில்லாக வளைந்து, இடுப்பெலும்பை முன்னால் சாய்த்து, காலைப் படிய வைத்துவிடும்.

இன்டர்ன்ஷிப்பில் நான் ஏமாந்தது அங்கேதான். இரண்டு காலும் மேசையில் படிந்திருந்தன; கேஸ் ஷீட்டில் ‘நார்மல்’ என்று எழுதிவிட்டேன். சீனியர் வந்து நோயாளியின் கீழ்முதுகுக்கு அடியில் கையை விட்டார். மணிக்கட்டு வரை போனது. “உள்ள ஒரு தலகாணியே வைக்கலாம் போல, நீ நார்மல்ங்கிற!”

செய்முறை இதுதான். கெட்டியான மேசையில் மல்லாந்து படுக்க வையுங்கள். உங்கள் உள்ளங்கை மேலே பார்க்கும்படி கீழ்முதுகுக்கு அடியில் கையை நுழைத்து வையுங்கள். வலி இல்லாத காலை மடக்கி, முழங்காலை மெல்ல நெஞ்சுப் பக்கம் கொண்டு போங்கள்.

எங்கே நிறுத்துவது? முதுகு இறங்கி உங்கள் விரல்களை மேசையோடு அழுத்தும் நொடியில். அதற்கு மேல் இழுத்தால் இடுப்பெலும்பு பின்னால் உருண்டு, கோளாறே இல்லாதவருக்கும் மறு தொடை எழும்பும். கண்ணுக்கு இது பிடிபடாது, கைக்குத்தான் தெரியும். நிறுத்திய இடத்தில் முழங்காலை நோயாளியையே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது மறு தொடையைப் பாருங்கள். எழும்பியிருந்தால் அதுதான் ஒளிந்திருந்த மடக்கம். தொடையை லேசாகக் கீழே அழுத்துங்கள். முதுகு உங்கள் கையை விட்டு மறுபடி எழும்பினால் சந்தேகமே வேண்டாம்.

கோணம் அளக்க நீண்ட கை வைத்த பிளாஸ்டிக் கோனியோமீட்டர்தான் (மூட்டின் கோணம் அளக்கும் கருவி) என் கட்சி. நடுப்புள்ளி கிரேட்டர் ட்ரோக்காண்டர் (தொடையெலும்பின் மேல்முனையில் வெளிப்பக்கம் தட்டுப்படும் புடைப்பு) மேல், ஒரு கை உடலின் பக்கவாட்டு நடுக்கோட்டில், மறு கை முழங்காலின் வெளிப்புற எலும்புப் புடைப்பை நோக்கி. சின்ன கோனியோமீட்டர் விரல் மூட்டுக்கு ஆகும். தொடைக்கு வைத்தால் கோடு எங்கே போகிறதென்றே தெரியாது.

இறுக்கம் எதில் என்று தெரிய, நோயாளியை மேசை விளிம்புக்கு இறக்கி, சோதிக்கும் கால் முழங்காலுக்குக் கீழே தொங்கும்படி வைத்து மறுபடி செய்யுங்கள். தொடை எழும்பியிருக்கும்போது முழங்காலை நீட்டிவிடுங்கள். தொடை இறங்கினால் ரெக்டஸ் ஃபெமோரிஸ் (இடுப்பு, முழங்கால் இரண்டையும் கடக்கும் முன்தொடைத் தசை) இறுக்கம். அப்படியே நின்றால் இலியோசோவாஸ் (இடுப்பை மட்டும் மடக்கும் உள்தசை), அல்லது மூட்டு உறையே.

பின்சேர்க்கை 1: வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் ஒரு மாணவி, ‘எல்லாருக்கும் நார்மலாவே வருது’ என்று எழுதியிருந்தார். விசாரித்தால் ஃபோம் மெத்தை. உடம்பு புதைந்தால் முதுகின் இடைவெளியும் தெரியாது, தொடை எழும்புவதும் தெரியாது. வீடென்றால் நான் தரையில் பாயை விரித்துவிடுவேன்.

பின்சேர்க்கை 2: இரண்டு பக்கமும் மடங்கியிருந்தால்? அப்போது குப்புறப் படுக்க வைத்து, இடுப்பு வரை மேசையிலும் கால்கள் விளிம்புக்கு வெளியே தொங்கியும் இருக்கட்டும். ஒரு கை இடுப்பெலும்பின் மேல். மறு கையால் சோதிக்கும் தொடையை மெல்லத் தூக்குங்கள். இடுப்பெலும்பு அசையத் தொடங்கியதும் நிறுத்தி, தொடை கிடைமட்டத்துக்கு எத்தனை டிகிரி கீழே நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள்.