மலைப்பனியில் எத்தனை டி.எம்.சி. தண்ணீர்? அளந்து கணக்கிடும் முறை

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் குளிர்காலத்தில் விழும் பனிதான் கோடையில் உருகி அணைகளுக்கு வருகிறது. அணை நீரை அளவுகோலைப் பார்த்தே சொல்லிவிடலாம். பனியில் உள்ள நீரை எடை போட்டுத்தான் அறிய முடியும்.

ஆழம் மட்டும் தெரிந்தால் போதாது. புதிதாக விழுந்த பனி ஒரு மீட்டர் இருந்தாலும் உருக்கினால் 5 முதல் 10 செ.மீ. தண்ணீர்தான் தேறும். ஏப்ரலில் இறுகிக் கிடக்கும் பனியோ அதே ஒரு மீட்டருக்கு 40, 50 செ.மீ. கூடத் தரும். உருகினால் நிற்கும் இந்த நீரின் உயரமே நீர்ச் சமானம். கணக்கு முழுக்க அதை வைத்துத்தான்.

இதற்கான கருவி, அடியில் பல் வைத்த அலுமினியக் குழாய். லத்தீன் பேராசிரியரான ஜேம்ஸ் சர்ச் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மவுண்ட் ரோஸ் மலையில் உருவாக்கிய குழாயின் வழிவந்தது. பல்முனையின் உள்விட்டம் 1.485 அங்குலம். அந்த வாய்க்குள் ஓர் அங்குல உயரத் தண்ணீர் நின்றால் எடை சரியாக ஒரு அவுன்ஸ். அதனால் தராசில் காணும் அவுன்ஸே நீரின் அங்குலம். மெட்ரிக்கில் வாயின் பரப்பு 11.17 சதுர செ.மீ.

முதலில் குழாயை நிழலில் வைத்து வெளிக்குளிருக்குப் பழக்குங்கள். வண்டிக்குள் வெதுவெதுப்பாக இருந்த குழாயில் பனி உருகி ஒட்டி, அடைத்துக்கொள்ளும். பிறகு வெறும் குழாயைச் சுருள்வில் தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். செங்குத்தாகப் பிடித்துத் தரை தட்டும்வரை இறக்கி, திருகி அடிமண்ணைக் கொஞ்சம் கவ்வச் செய்யுங்கள். வெளிப்புறக் குறியில் ஆழத்தைப் படித்துவிட்டு, மெதுவாக மேலே எடுங்கள்.

முனையில் மண் இருக்கிறதா என்று பாருங்கள். மண் இல்லையென்றால், அடியில் சர்க்கரைபோல் உதிரும் பனி நழுவி விழுந்திருக்கலாம். அல்லது குழாய் பனிக்கட்டி அடுக்கிலோ விழுந்த மரத்திலோ முட்டி நின்றிருக்கலாம். அந்த மாதிரியைக் கொட்டிவிட்டுப் பக்கத்தில் மறுபடி குத்துங்கள். மண் இருந்தால் கத்தியால் சுரண்டி நீக்கி, அதன் நீளத்தை ஆழத்திலிருந்து கழியுங்கள். குழாயின் பக்கத் துளைகள் வழியே உள்ளிருக்கும் பனித்தண்டின் நீளத்தையும் பாருங்கள். ஆழத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கும் குறைவாக இருந்தால் அந்த மாதிரியை நம்பாதீர்கள்.

பனியோடு குழாயை நிறுத்து, வெறும் குழாயின் எடையைக் கழியுங்கள். ஆழம் 150 செ.மீ., பனியின் நிகர எடை 670 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 670ஐ 11.17ஆல் வகுத்தால் 60 செ.மீ., அதாவது 600 மி.மீ. தண்ணீர். 60ஐ 150ஆல் வகுத்தால் அடர்த்தி 0.40. பத்து இடங்களில் எடுத்தால் ஆழம் கூடிக்குறையும். அடர்த்தி அவ்வளவு மாறாது. ஒரே ஒரு மாதிரி 0.25 என்று காட்டினால் பெரும்பாலும் தவறு மாதிரியில்தான். குழாய்க்குள் பனி ஒட்டும் என்பதால் வெறும் எடையை இடையிடையே மறுபடி பாருங்கள். பல்முனை சற்றுக் கூடுதல் பனியை உள்ளே தள்ளுவதால், கெட்டியான ஆழ்பனியில் இந்தக் குழாய் சுமார் 10 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டலாம்.

ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்குமான கணக்கில்தான் பலரும் பெரிதாகச் சறுக்குகிறார்கள். மேட்டில் பனி அதிகம், கீழே குறைவு, வெயில் படும் சரிவில் இன்னும் குறைவு. எனவே உயர வாரியாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். ஒரு சதுர கி.மீ. பரப்பில் 1 மி.மீ. நீர் என்றால் 1,000 கன மீட்டர். ஒரு மாதிரிக் கணக்கு:

1,800–2,200 மீ.: 120 ச.கி.மீ. × 150 மி.மீ. = 1.80 கோடி கன மீ.
2,200–2,600 மீ.: 200 ச.கி.மீ. × 400 மி.மீ. = 8.00 கோடி
2,600–3,000 மீ.: 90 ச.கி.மீ. × 650 மி.மீ. = 5.85 கோடி

மொத்தம் 15.65 கோடி கன மீட்டர். ஒரு டி.எம்.சி. 2.83 கோடி என்பதால், சுமார் 5.5 டி.எம்.சி. மேட்டில் ஒரே இடத்தில் குழாய் காட்டிய 600 மி.மீட்டரை மட்டும் 410 சதுர கி.மீட்டருக்கும் பரப்பியிருந்தால் 8.7 டி.எம்.சி. என்று வந்திருக்கும். இல்லாத மூன்று டி.எம்.சி.யை நம்பி அணையைத் திறக்க நேரும்!

பரப்பு என்பது பனி மூடிய பரப்பு மட்டுமே. அதை மோடிஸ், சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுக்கலாம். அவை ஆழத்தைக் காட்டா. மேகத்தையும் அடர்ந்த காட்டையும் கவனித்துப் பிரிக்க வேண்டும். வசதி இருந்தால் விமான லேசர் அளவீடு இதைவிட நல்லது. கோடையில் வெறும் மலை, பின்னர் பனி மூடிய மலை என இருமுறை பறந்து, உயர வித்தியாசத்தை ஆழமாகக் கொள்வார்கள். டுவாலமி ஆற்றுப்படுகையில் 2013 முதல் இப்படி அளக்கிறார்கள். அங்கும் அடர்த்தி தனியே வேண்டும். தரையில் குழாய் குத்தும் வேலை தீராது.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட, அதே இடம், அதே தேதி முக்கியம். ஏப்ரல் 1 சியராவில் பனி உச்சத்தை ஒட்டிய நாள். 2015இல் அந்த நாளில், அங்கே பனி அளக்கும் இடமான பிலிப்ஸ் நிலையத்தில் பனியே இல்லை. மாநில அளவில் சராசரியில் 5 சதவீதம்தான்.

பனியில் உள்ளதெல்லாம் ஆற்றுக்கு வந்துவிடாது. 2021இல் வறண்ட மண்ணும் காற்றும் உருகிய நீரைக் குடித்துவிட, முன்கணித்ததைவிட வரத்து மிகவும் குறைந்தது. பனி விழுமுன், அக்டோபரிலேயே மண் ஈரத்தை அளந்து கணக்கோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.