குளம் வரப்போகுதாம் என்றால்: காணிக்காரர் விடுகிற பிழைகள்

ஒரு நாள் காலையில் வயல் வரம்பில் முளைக்கட்டை ஒன்று நிற்கும். தலையில் சிவப்புப் பெயின்ற், பக்கவாட்டில் ஏதோ ஒரு இலக்கம். யார் அடித்தது, எதற்கு அடித்தது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நீர்த்தேக்கத் திட்டங்கள் இலங்கையின் வடக்கே வன்னிக் கமக்காரருக்குப் பெரும்பாலும் இப்படித்தான் அறிமுகமாகின்றன. கோபத்தில் அதைப் பிடுங்கி அடுப்புக்குள் வைக்கிறார்கள் பாருங்கள், முதல் பிழை அது. தண்ணீர் எதுவரை வரலாம் என்பதற்கு உங்கள் கையில் இருக்கிற முதல் சாட்சியே அந்தக் கட்டைதான். பக்கத்துப் பாலை மரமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, இலக்கத்தையும் திகதியையும் கொப்பியில் குறித்துவையுங்கள்.

அடுத்தது, "கட்டு அங்காலதானே வருது, எங்களுக்கென்ன?" என்று இருந்துவிடுவது. நான் அதிகம் கேட்ட பேச்சு இது. குளக்கட்டுக்குப் போகிற காணி கொஞ்சம்தான், அலைகரைக்குள், அதாவது தண்ணீர் பரவி நிற்கிற இடத்துக்குள், போவதுதான் ஏராளம். வன்னி நிலம் தட்டை. ஆயிரம் அடிக்கு ஒரு அடி சரிவுள்ள இடத்தில் நீர்மட்டத்தை ஒரு அடி கூட்டினால், தண்ணீர் இன்னும் ஆயிரம் அடி பின்னுக்கு ஏறும். ஆகவே கேட்க வேண்டியவை மூன்று: முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர், பெருவெள்ளத்தில் அது எவ்வளவு உயரும், அதற்கு வெளியே ஒதுக்குக் காணியாக எவ்வளவு விடப்போகிறார்கள். திட்டச் செலவும் பாசன ஏக்கரும் பெரிய எழுத்தில் பதாகையில் இருக்கும். இந்த மூன்றையும் நீங்களாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

தண்ணீர் எங்கே நிற்கும் என்பதோடு கேள்வி முடியாது. யாருடைய வயலுக்குப் போகும்? வவுனியா வடக்கில் கிவுல் ஓயா நீர்த்தேக்கத் திட்டம் என்றதும் சனம் ஏன் பதறுகிறது என்று வெளியூர்க்காரர் கேட்கிறார்கள். மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் வடக்குப் பகுதியான எல் வலயத்தின் பழைய கதை தெரிந்தால் கேட்கமாட்டார்கள். 1984 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையோரத்துக் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனம் எழும்பிப் போக வேண்டி வந்தது. திரும்பி வந்தபோது வயலில் குடியேற்றப்பட்ட வேறு ஆட்கள் விதைத்துக்கொண்டிருந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் குளத்துக்கு எதிரிகள் இல்லை. வன்னியில் ஊர்ப் பெயர்களே பாதி குளத்தில்தான் முடியும். பாசனப் பயனாளிகளின் பட்டியலைக் கேட்காமல் திட்டத்துக்குத் தலையாட்டுவதைத்தான் பிழை என்கிறேன்.

சரி, பத்திரங்கள். பெரியம்மாவின் பெர்மிற், அதாவது அரச காணிக்கான அனுமதிப் பத்திரம், நெற்பெட்டிக்குள் பொலித்தீனில் சுற்றிக் கிடந்தது. நடு மடிப்பில் இலக்கம் தேய்ந்துபோயிருந்தது. அதிலிருந்த பெயரோ, எப்போதோ செத்துப்போன அம்மப்பாவுடையது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த காணிகளில் இந்தக் கதை வீட்டுக்கு வீடு உண்டு. பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் காணி யாருக்கு என்பதை, பதியாமல் விட்டால், நட்டஈட்டு விசாரணை நாளில் அண்ணனும் தம்பியும் ஆளையாள் எதிர்த்து நிற்பார்கள். உரித்துத் தகராறு நீதிமன்றம் போனால் நட்டஈட்டுக் காசும் அங்கேயே முடங்கும். 2009 போரில் பெட்டியோடு போன உறுதிகளுக்கு (சொந்தக் காணிப் பத்திரங்களுக்கு)க் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். பெர்மிற் என்றால் பிரதேச செயலகத்துக் காணிப் பேரேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுமே இல்லாதவர்கள் "எங்களுக்கு உரிமை இல்லை" என்று ஒதுங்கிவிட வேண்டாம். 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மீள்குடியேற்றக் கொள்கை, உறுதி இல்லாதவரையும் கவனிக்கச் சொல்கிறது. அது சட்டம் இல்லை, கொள்கைதான். ஆனால் கடிதத்தில் எடுத்துக்காட்டலாம். கமநல சேவை நிலையத்து வயற் பதிவு, உர மானியத் துண்டு, பழைய வாக்காளர் இடாப்பு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள்.

திட்டத்தைப் பற்றி அதிகாரிகள் கூட்டம் வைப்பார்கள். நன்றாகப் பேசுவீர்கள், கைதட்டும் கிடைக்கும், அறிக்கையில் ஒரு வரியும் வராது. அப்புறம் வரவுக்கென்று ஒரு தாள் சுற்றிவரும். தலைப்பில்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "கூட்டத்துக்கு வந்தோர்" என்று நீங்களே மேலே எழுதிவிட்டுப் போடுங்கள். வாயால் சொன்னதை அடுத்த நாளே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

அரசு தனியார் காணியை எடுக்கிற 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் எல்லா அறிவித்தலும் ஒன்றல்ல. 2ஆம் பிரிவின்படி ஒட்டுவது பார்வையிடவும் அளக்கவும். காணி போய்விட்டதென்று அதைப் பார்த்து அழ வேண்டாம். 4ஆம் பிரிவு அறிவித்தலைத்தான் விடக்கூடாது. ஆட்சேபனையை எழுத்தில் கொடுக்கும் கட்டம் அது, அவகாசம் 14 நாளுக்குக் குறையாது. 5ஆம் பிரிவுப் பிரகடனம் வந்தபின், காணி பொதுத் தேவைக்குத்தானா என்று வாதாட இடமில்லாத அளவுக்குக் கதவு சாத்தப்படும். அவசரம் என்று 38ஆம் பிரிவைக் காட்டி உடனே கையேற்கவும் வழியுண்டு. பெர்மிற் காணி அரசின் உடைமை என்பதால் அங்கே கதை வேறு. காடு வெட்டித் திருத்திச் செய்கை பண்ணினீர்கள் என்ற அத்தாட்சிதான் அங்கே பலம்.

பெரிய நீர்த்தேக்கத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் வர வேண்டும். அதன்மீது பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அந்தக் கடிதத்தில் "நாங்கள் எதிர்க்கிறோம்" என்று மட்டும் எழுதி நூறு பேர் கையெழுத்து வைப்பது வீண். எது மூழ்கும் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். வயல் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மாடு மேய்கிற தரவை, சுடலை, காட்டுக்கரை ஐயனார், தேன் எடுக்கிற காடு, இவை யாருடைய பெயரிலும் இல்லாததால் யாருடைய கடிதத்திலும் இராது. போர்க்காலத்தில் கைவிட்ட சின்னக் குளங்களும் அப்படித்தான். கட்டு உடைந்து, உள்ளே வீரையும் முதிரையும் வளர்ந்து, வரைபடத்தில் வெறும் காடாகத் தெரியும். துருசுக் கல் (குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகின் கல்) இன்னும் கிடக்கிறதா என்று ஒரு நாள் வயசான ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். கிடந்தால், அதையும் படம் எடுங்கள்.