பயோபேங்க் முடிவுகளைப் பகிரும்போது எங்கே சறுக்குகிறோம்?

பயோபேங்க் என்பது ஆய்வுக்காக மக்களின் ரத்தம் போன்ற மாதிரிகளையும் சுகாதாரத் தகவலையும் சேர்த்து வைக்கும் இடம். அத்தகைய மாதிரிகளை வைத்து நடக்கும் ஃபின்லாந்தின் ஃபின்ஜென் திட்டம் 2017இல் தொடங்கியது. சுமார் 5 லட்சம் பேரின் மரபணுத் தகவலை நாட்டின் சுகாதாரப் பதிவேடுகளோடு இணைத்து, எந்த மாறுபாட்டுக்கும் (டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் வேறுபடும் இடம்) எந்த நோய்க்கும் தொடர்பு என்று பார்க்கிறார்கள். தனித்தனி ஆட்களின் விவரம் இல்லாத, மொத்தக் குழுவுக்கான தொகுப்பு முடிவுகளை ஓராண்டு கழித்து எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். இது பெரிய கொடை. இதைப் பார்த்துத் தங்கள் முடிவுகளையும் வெளியிட நினைப்பவர்கள் சில இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

மோசமான தவறு, விளைவு எண் (நோய் வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்று காட்டுவது) எந்த அல்லீலுக்கானது, அதாவது மாறுபாட்டின் எந்த வடிவத்துக்கானது, என்று சொல்லாமல் விடுவது. ஒரு மாறுபாட்டில் ஏ, ஜி என இரு வடிவங்கள் இருக்கின்றன, விளைவு 0.2. யாருக்கு, ஏ-வுக்கா ஜி-க்கா? மாற்றிப் படித்தால் நோயைக் கூட்டும் அல்லீல் நோயைத் தடுப்பதாகிவிடும். ஏ-டி, சி-ஜி ஜோடிகளில் சிக்கல் இன்னும் அதிகம். டிஎன்ஏவின் எந்த இழையில் படித்தாலும் அதே இரண்டு எழுத்துகள்தான் வரும். அப்போது கைகொடுப்பது அல்லீல் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்ற விகிதம்தான். அதுவும் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் உதவாது. எனவே விகிதத்தையும் கொடுங்கள், இழையையும் குறிப்பிடுங்கள்.

அப்புறம், ஜீனோம் பதிப்பு, அதாவது டிஎன்ஏவின் ஒவ்வோர் இடத்துக்கும் எண் கொடுக்கும் பொது வரைபடத்தின் பதிப்பு. ஃபின்ஜென் ஜிஆர்சிஎச்38 என்ற பதிப்பைப் பயன்படுத்துகிறது. பிரிட்டனின் யூகே பயோபேங்கை வைத்துச் செய்த பழைய ஆய்வுகள் பலவும் அதற்கு முந்தைய பதிப்பான 37இல் இருக்கின்றன. பதிப்பைச் சொல்லாத இட எண்ணை நம்பி இரண்டையும் இணைத்தால், சம்பந்தமே இல்லாத இடங்கள் ஒன்றாகிவிடும்.

பி மதிப்பு (உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படியொரு முடிவு வரும் வாய்ப்பு) 10 கோடியில் 5க்குக் கீழே உள்ள அட்டவணை வரிகளை மட்டும் வெளியிடுவதும் வீண். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் மெட்டா அனாலிசிஸுக்கும், பல மாறுபாடுகளைக் கூட்டி ஒருவரின் நோய் வாய்ப்பைக் கணிக்கும் மரபுவழி ஆபத்து மதிப்பெண்ணுக்கும் மற்ற வரிகளும் தேவை. மிகச் சிறிய பி மதிப்பு கணினியில் வெறும் 0 ஆகிவிடும். மடக்கையாக (லாகரிதம்) கொடுத்தால் தப்பிக்கலாம்.

தொகுப்பு எண்தானே, யாரையும் அடையாளம் காண முடியாது என்று நினைப்பவர்கள் 2008ஐ மறக்கக் கூடாது. ஒருவரின் டிஎன்ஏ தகவல் கையில் இருந்தால், அவர் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தாரா என்று தொகுப்பு விகிதங்களை வைத்தே கணிக்கலாம் என அந்த ஆண்டு ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனம் அத்தகைய தரவைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்தது. 2018இல்தான் பெரும்பாலானவற்றை மறுபடி திறந்தது. ரத்தம் கொடுத்தவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தார்கள். ஆகவே நோயாளிகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும் அரிய மாறுபாடுகளை அப்படியே வெளியிடாமல், பயோபேங்க் விதியில் குறைந்தபட்ச எண்ணிக்கை எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.